எப்போது பிறந்தார், எப்படி வந்தார்: குடியுரிமையைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் பக்கம் குடியுரிமை பற்றிப் பேச்சு வந்தால் சில வாக்கியங்கள் அடிக்கடி காதில் விழும். "முப்பது வருசமா இங்கதான இருக்காங்க, இன்னும் எதுக்குச் சிலோன்காரங்கன்னு சொல்றீங்க?" "ஆதார் கார்டு வாங்கியாச்சே, அப்புறம் என்ன?" "நம்மூரு பையனைக் கட்டுனா அந்தப் பொண்ணும் நம்மூருதான்." "முகாம்ல பொறந்த பிள்ளை அகதிதான்."

முதல் மூன்றும் நல்ல மனசிலிருந்து வருகிற பேச்சு. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நான்காவது வாக்கியம்தான் பெரிய இழப்பை உண்டாக்குவது. முகாமில் பிறந்தவர்களில் ஒரு பகுதியினர் பிறந்த நொடியிலிருந்தே இந்தியக் குடிமக்கள். அது தெரியாமலே, வாக்களிக்காமலும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்காமலும் பாதி ஆயுளைக் கழித்தவர்கள் அவர்களில் உண்டு. ஒருவர் எந்த ஊரில் எத்தனை வருடம் இருந்தார் என்பதைவிட, எந்தத் தேதியில் பிறந்தார், அன்றைக்கு எந்தச் சட்டம் நடப்பில் இருந்தது, பெற்றோர் யார், அவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்பவையே விடையைத் தீர்மானிக்கின்றன. அந்தச் சட்டம் எப்படி வளர்ந்தது, எங்கெங்கே திரும்பியது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

## கரை ஒதுங்கிய படகு

நாகப்பட்டினத்தில் பதிவான ஒரு விசைப்படகு புயலுக்காகப் பாம்பனில் கரை ஒதுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நங்கூரம் போட்டு நிற்கிறது. ஒரு வாரம் நிற்கலாம், எஞ்சின் பழுதானால் ஒரு வருடமும் நிற்கலாம். பாம்பன்காரர்கள் அந்த ஆட்களுக்குச் சோறு போடுவார்கள், டீசலுக்குக் கடன் சொல்லி வைப்பார்கள். ஆனாலும் படகின் பக்கத்தில் எழுதியிருக்கும் பதிவு எண் மாறாது. மீன்வளத் துறைப் பதிவேட்டில் அது நாகப்பட்டினத்துப் படகுதான். இந்த ஊர்ப் படகாக்க வேண்டுமானால் யாராவது மனு கொடுத்து, பழைய பதிவை நீக்கி, புதிய பதிவு வாங்க வேண்டும். எத்தனை நாள் நின்றது என்பது அந்த மனுவுக்குத் துணையாகலாம். வெறுமனே நின்றதாலேயே பதிவு மாறிவிடாது.

மனிதருக்கும் இந்த மூன்று நிலைகள் உண்டு. வசிப்பு என்பது ஓரிடத்தில் வாழ்வது. தஞ்சம் என்பது உயிருக்கு அஞ்சி ஒதுங்கியவரைத் திருப்பி அனுப்பாமல் தங்கவிடுவது. குடியுரிமை என்பது ஒரு மனிதருக்கும் ஓர் அரசுக்கும் இடையிலான சட்டப் பிணைப்பு. வாக்குரிமை, தேர்தலில் நிற்கும் உரிமை, நாட்டைவிட்டு அனுப்பப்படாமல் இருக்கும் உறுதி ஆகியவை இந்த மூன்றாவதிலிருந்துதான் வருகின்றன.

ஓரிடத்தில் இந்த ஒப்புமை உடைகிறது. படகுக்கு எங்காவது ஓர் ஊரில் பதிவு இருக்கும். மனிதருக்கு எந்த நாட்டிலுமே பதிவு இல்லாமல் போகலாம். எந்த நாடும் தன் குடிமகன் என்று ஏற்காதவரை நாடற்றவர் என்கிறோம். இராமநாதபுரத்திலிருந்து கடல் தாண்டிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் பல்லாயிரம் பேருக்கு அதுதான் நேர்ந்தது.

## எல்லாரும் ஒரே மன்னரின் பிரஜைகளாக இருந்த காலம்

1947க்கு முன் இந்தக் கரையில் "இந்தியக் குடிமகன்" என்று சட்டத்தில் யாரும் இல்லை. இராமநாதபுரம் ஜமீன் சென்னை மாகாணத்துக்குள் இருந்ததால் இங்கே பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜை. அக்கரையில் யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ பிறந்தவரும் பிரிட்டிஷ் பிரஜைதான். பக்கத்துப் புதுக்கோட்டை தனி சமஸ்தானம் என்பதால் அங்கே பிறந்தவர் புதுக்கோட்டை ராஜாவின் பிரஜை. பிரிட்டிஷ் பாதுகாப்பு மட்டும் அவருக்கு உண்டு. சட்டத்தில் இத்தனை வேறுபாடு இருந்தும் கப்பலேறும்போது யாரும் அதைக் கேட்கவில்லை.

பிரஜை என்றால் மன்னருக்கு விசுவாசம் காட்டக் கடமைப்பட்டவர். அரசைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதில் தானாக அடங்கவில்லை. அந்நியருக்குப் பிரஜை உரிமை கொடுக்க 1852லேயே, கம்பெனி ஆட்சிக் காலத்தில், ஒரு சட்டம் வந்தது. 1926இல் அதற்குப் பதிலாக இன்னொன்று வந்தது. ஓர் அந்நியரை, அவர் கேட்டுக்கொண்டதன் பேரில், நிபந்தனைகளைச் சோதித்துத் தன்னவராக அரசு ஏற்பதை இயல்புக் குடியுரிமை என்கிறோம். கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்கு, போன இராமநாதபுரத்துக்காரருக்கு அது தேவைப்படவில்லை. ஒரே ஆட்சியின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத்தான் அவர் போனார்.

முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், 1870களுக்குப் பிறகு தேயிலைக்கும் கங்காணிகள் எனப்பட்ட மேற்பார்வையாளர்கள் ஆள் சேர்த்தார்கள். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் போயின. மண்டபத்தில் இருந்த முகாம் அன்று நோய்த்தடுப்பு முகாம். அம்மையும் காலராவும் அக்கரைக்குப் போகக்கூடாது என்பதற்காக அங்கே சில நாள் வைத்துச் சோதித்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பின் ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். அந்த முகாமில் பார்த்தது உடம்பைத்தான். எந்த நாட்டவர் என்ற கேள்வி எழவில்லை.

சுருக்கமாக: ஒரே பேரரசு இருந்தவரை கடலைக் கடப்பது நாடு மாறுவதாகக் கருதப்படவில்லை. பின்னால் வந்த சிக்கல் முழுவதும், அன்று எழுதிவைக்காமல் விட்டதை இரண்டு புதிய நாடுகள் தேதி போட்டுக் கேட்டபோது முளைத்தது.

## 1948: அக்கரையில் அடைபட்ட கதவு

இலங்கையில் 1931லேயே வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளர் பலர் வாக்களித்தார்கள். 1947 தேர்தலில் இந்திய வம்சாவளித் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து சிலர் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். அடுத்த ஆண்டே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது.

அதன் நுட்பம் கவனிக்கத்தக்கது. தான் இலங்கையில் பிறந்ததை மட்டும் காட்டினால் போதாது. தந்தையும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். தோட்டத்து லயனில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வாழ்ந்த குடும்பத்தில் தாத்தாவின் பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? மகப்பேற்றுக்குத் தாய்வீடு வருவது வழக்கம் என்பதால், சில தந்தையர் பிறந்ததே இங்குள்ள கிராமங்களில்தான்.

1949இல் இந்திய, பாகிஸ்தானிய வசிப்பாளருக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். திருமணமானவர் 7 ஆண்டு, ஆகாதவர் 10 ஆண்டு, 1946 ஜனவரி 1க்கு முன்பு தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். சொந்த ஊருக்கு வந்துபோன இடைவெளிகள் அந்தத் தொடர்ச்சியை அறுத்தன. 8 லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்ததில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு மட்டும்.

## 1950: இக்கரையில் எழுதப்பட்ட விதி

இந்திய அரசியலமைப்பின் 5 முதல் 11 வரையிலான பிரிவுகள் குடியுரிமையைப் பேசுகின்றன. வரைவுக் குழுவுக்கு மிகுந்த தலைவலி கொடுத்த பிரிவுகளில் இதுவும் ஒன்று என்று அம்பேத்கர் 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையிலேயே சொன்னார். பிரிவினையால் இலட்சக்கணக்கானோர் எல்லை கடந்துகொண்டிருந்த நேரம் அது.

5ஆம் பிரிவு இந்தியாவை நிலையான வாழ்விடமாகக் கொண்டவர்களுக்கானது. இந்திய மண்ணில் பிறந்திருந்தாலும், பெற்றோரில் ஒருவர் பிறந்திருந்தாலும், 5 ஆண்டு வசித்திருந்தாலும் குடிமகன். நம் கரைக்கு முக்கியமானது 8ஆம் பிரிவு. தானோ, பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டிகளில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வசிப்பவரும் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து குடிமகனாகலாம். ஆனால் பதிவு செய்யாதவருக்கு அது பயன்படாது. தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர் தாங்கள் வாழும் நாட்டின் குடியுரிமையைத்தான் கேட்டார்கள். இலங்கை அதை மறுத்தது. இந்தியாவில் பதிவும் இல்லை. அப்படித்தான் நாடற்றவர் ஆனார்கள்.

## கப்பலில் வந்தவரும் படகில் வந்தவரும்

1964 அக்டோபர் 30ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்களாகக் கணக்கிடப்பட்டவர்கள் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவு செய்வது. அந்த மீதியை 1974இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். யாருடைய விருப்பத்தையும் கேட்டுப் போட்ட எண்கள் அல்ல இவை. இரண்டு தலைநகரங்களுக்கு இடையில் பேரம் பேசிப் போட்ட எண்கள். அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைக் கடந்து போக முடியாது.

ஒப்பந்தப்படி வந்தவர்கள் முதலில் இலங்கையிலேயே விண்ணப்பித்து, இந்தியக் குடிமக்களாகப் பதிவாகி, இந்தியப் பாஸ்போர்ட்டுடன் கப்பலில் இராமேசுவரம் வந்தார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டிருந்ததால் கப்பல்துறை இராமேசுவரத்துக்கு மாறியிருந்தது. மண்டபம் முகாமில் குடும்ப அட்டை கொடுத்து, மறுவாழ்வுக்கென்று ஓரிடம் ஒதுக்கி அனுப்பினார்கள். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968இல் தொடங்கப்பட்டதே இவர்களுக்காக. இவர்கள் தாயகம் திரும்பியோர். கரையிறங்கும்போதே இந்தியக் குடிமக்கள்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் நிலைமை மாறியது. மன்னார், யாழ்ப்பாணம் பகுதித் தமிழர்களும், தோட்டங்களிலிருந்து வடக்கே விரட்டப்பட்டிருந்த மலையகத் தமிழர்களும் (தோட்டத் தொழிலாளர்களாகப் போனவர்களின் வழிவந்தவர்கள்) வள்ளத்திலும் படகிலும் ஏறி வந்தார்கள். தலைமன்னார் கப்பலும் 1980களின் நடுவில் நின்றது. படகில் வந்தவரிடம் பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. அதே மண்டபம் முகாம் அவர்களை அகதிகளாகப் பதிவு செய்தது.

இங்கேதான் குழப்பத்தின் வேர் இருக்கிறது. அண்ணன் 1975இல் ஒப்பந்தப்படி கப்பலில் வந்திருந்தால் அவர் இந்தியர். தம்பி 1984இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் வந்திருந்தால் அவர் அகதி. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே முகாம். வந்த வழியும் கையிலிருந்த காகிதமும் அவர்களைப் பிரித்தன.

இலங்கை தன் பக்கத்தில் 1988இலும் 2003இலும் சட்டம் செய்து, அங்கே எஞ்சியிருந்த நாடற்ற மலையகத் தமிழருக்குக் குடியுரிமை கொடுத்தது. இந்தியப் பாஸ்போர்ட் வாங்கியும் கப்பல் நின்றதால் வர முடியாமல் அங்கேயே தங்கியவர்களும் அதில் பயன்பெற்றார்கள்.

சுருக்கமாக: தாயகம் திரும்பியோர் குடிமக்கள். படகில் வந்தவர்கள் தஞ்சம் பெற்றவர்கள். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. ஆகவே தஞ்சம் என்பது அரசின் ஆணைகளை நம்பி நிற்கிறது.

## 1955 சட்டத்தின் ஐந்து வழிகள்

இன்றும் நடப்பிலிருப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புக் குடியுரிமை, பிரதேச இணைப்பு என ஐந்து வழிகளை அது சொல்கிறது. கடைசி வழி கோவா, புதுச்சேரி போன்ற பகுதிகள் இந்தியாவோடு சேர்ந்தபோது பயன்பட்டது. அதை விட்டுவிடலாம்.

பதிவு என்பது ஏற்கெனவே இந்தியாவோடு தொடர்புள்ளவருக்கான வழி. இந்தியரை மணந்தவர்கள், இந்திய வம்சாவளியினர் ஆகியோர் இதில் வருவார்கள். வம்சாவளியினர் என்று இந்தச் சட்டம் சொல்வது, தானோ பெற்றோரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்தவராக இருப்பவரை. அரசியலமைப்பின் 8ஆம் பிரிவில் தாத்தா பாட்டி வரை போக முடிந்தது. இங்கே பெற்றோரோடு நிற்கிறது. இங்கிருந்து போனவர் கொள்ளுத்தாத்தாவாக இருந்தால் இந்தக் கதவு திறக்காது.

எந்தத் தொடர்பும் இல்லாத அந்நியருக்கானது இயல்புக் குடியுரிமை. இன்றைய விதி இது: விண்ணப்பிக்கும் நாளுக்கு உடனே முந்தைய 12 மாதம் தொடர்ந்து இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டு இருந்திருக்க வேண்டும். 2025 ஜனவரியில் விண்ணப்பித்தால் 2024 முழுவதும் இங்கே, 2010 முதல் 2023க்குள் கூட்டிப்பார்த்தால் 11 ஆண்டு இங்கே. இதோடு நன்னடத்தை வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி ஒன்றில் போதிய அறிவு வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது. பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும். கடைசியாக விசுவாச உறுதிமொழி.

காலக்கெடு எப்படி நீண்டது என்பதே ஒரு வரலாறு. 1955இல் இயல்புக் குடியுரிமைக்கு மொத்தம் 5 ஆண்டு. 1986 திருத்தத்தில் 10. 2003 திருத்தத்தில் 12. பதிவுக்குத் தேவையான வசிப்பு 6 மாதத்தில் தொடங்கி, 5 ஆண்டாகி, இப்போது 7 ஆண்டு. இந்தியரை மணந்தவருக்கும் அதே 7 ஆண்டுதான். தாலி கட்டியதும் தானாக எதுவும் மாறுவதில்லை. விண்ணப்பம் போட வேண்டும், அதற்கும் சட்டப்படி உள்ளே வந்தவராக இருக்க வேண்டும்.

## பிறந்த தேதிகள்

பெரும்பாலானோருக்கு உண்மையில் தேவைப்படும் பகுதி இதுதான். நிதானமாகப் படிக்க வேண்டும்.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் யார் என்ற கேள்வியே இல்லை. வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சிறு விலக்குகள் மட்டும் உண்டு. மண்ணில் பிறந்ததே போதும் என்ற கொள்கை அது.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்கு, பிறந்த அன்று பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது 1986 திருத்தம். வங்கதேசத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆட்கள் மறைவாக வருகிறார்கள் என்பதையே அரசு காரணமாகக் காட்டியது. அரிச்சல்முனையில் கரை தட்டிய படகுகள் இந்தியா முழுமைக்குமான சட்டத்தை மாற்றிய காரணங்களில் ஒன்றாயின.

2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இரண்டு வாய்ப்புகள்தான். பெற்றோர் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாக இருந்து, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமல் இருக்க வேண்டும். சட்டவிரோதக் குடியேறி என்றால் செல்லத்தக்க பாஸ்போர்ட் முதலிய பயண ஆவணம் இல்லாமல் நுழைந்தவர், அல்லது ஆவணத்தோடு வந்து அனுமதிக்கப்பட்ட காலத்துக்கு மேல் தங்கியவர். எதற்காக வந்தார் என்பதை இந்த வரையறை கேட்பதில்லை. குண்டுவீச்சுக்குத் தப்பி வந்தவரும் இதற்குள் அடங்கிவிடுகிறார்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். தங்கச்சிமடத்துப் பெண் ஒருவர் இந்தியக் குடிமகள். கணவர் 1990இல் படகில் வந்த இலங்கைத் தமிழர். மூத்த மகன் 2003இல் பிறந்தான், இளைய மகள் 2006இல் பிறந்தாள். தாய் இந்தியர் என்பதால் மகன் இந்தியக் குடிமகன். தந்தை சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதக் குடியேறி என்பதால் மகள் குடிமகள் ஆகமாட்டாள். ஒரே மருத்துவமனை, ஒரே பெற்றோர், இரண்டு நிலை. இளையவளின் சான்றில் பிழை தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது வீண். சான்று சரியாகத்தான் இருக்கிறது. இடையில் சட்டம் மாறிவிட்டது.

முதல் காலப்பகுதிக்குத் திரும்புவோம், கை நழுவிய உரிமை அதிகம் இருப்பது அங்கேதான். 1983 ஜூலைக்கும் 1987 ஜூன் 30க்கும் இடையில் மண்டபத்திலோ மற்ற முகாம்களிலோ பிறந்த பிள்ளைகள், பெற்றோர் இருவரும் இலங்கையராக இருந்தாலும், இந்தியக் குடிமக்கள். முகாம் பதிவேட்டில் அவர்கள் பெயர் அகதி என்று இருப்பதால் இது மாறாது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டபோது, அவர் பிறப்பால் இந்தியக் குடிமகள், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று 2022இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு புதிதாக எதையும் வழங்கவில்லை. 36 வருடமாகச் சட்டப் புத்தகத்தில் இருந்ததை எடுத்துச் சொன்னது.

சுருக்கமாக: முதலில் மண், பிறகு மண்ணோடு பெற்றோரில் ஒருவர், பிறகு பெற்றோர் இருவருடைய நிலையும். பிறந்த தேதியைப் பார்த்துவிட்டே அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

## ஆண்டுகள் ஏன் உதவவில்லை

1990இல் வந்தவர் 35 ஆண்டு இங்கே இருந்திருக்கிறார், இயல்புக் குடியுரிமைக்கு 12 ஆண்டு போதும், பிறகென்ன தடை? பதிவு, இயல்புக் குடியுரிமை இரண்டு வழிகளையுமே சட்டவிரோதக் குடியேறிக்கு 2003 திருத்தம் மூடிவிட்டது. நுழைவு முறையாக இல்லாவிட்டால் ஆண்டுகள் கணக்கில் ஏறுவதில்லை.

2019 திருத்தம் இந்தத் தடையைச் சிலருக்கு மட்டும் நீக்கியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவர்களுக்கு. அவர்களுக்கு இயல்புக் குடியுரிமைக் காலத்தையும் 5 ஆண்டாகக் குறைத்தது. விதிகள் 2024 மார்ச்சில் வந்தன. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியாவில் மிக நீண்ட காலம் தஞ்சத்தில் இருப்பவர்களில் ஒரு பகுதியினரை, தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் பரவியிருப்பவர்களை, அந்தச் சட்டம் தொடவே இல்லை. இது பெரிய குறை.

2025இல் வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின்கீழ் ஒரு விலக்கு ஆணை பிறந்தது. 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனை இல்லை என்கிறது அது. வழக்குக்கு அஞ்ச வேண்டாம் என்பதே இதன் பொருள். குடியுரிமை கிடைத்துவிட்டது என்று இதைக் கொண்டாடுபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

## கையிலிருக்கும் அட்டைகள் எதைச் சொல்கின்றன

ஆதார் வசிப்பைக் காட்டுவது. விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்த எவரும் வாங்கலாம். அது குடியுரிமைக்குச் சான்றாகாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது. ரேஷன் கார்டு பொருள் வாங்க. மீனவர் அடையாள அட்டை கடலில் காவல் படையிடம் காட்ட. வாக்காளர் அட்டை குடிமக்களுக்கே உரியது என்றாலும், தவறாகச் சேர்க்கப்பட்ட பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படலாம். அட்டையால் குடியுரிமை பிறப்பதில்லை.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இந்தியர் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வருவதும் இந்த வகைதான். 1974 உடன்பாட்டில் பயண ஆவணமும் விசாவும் வேண்டாம் என்று எழுதியிருப்பதால் போகிறார்கள். அது பயணச் சலுகை, அவ்வளவே.

## கடல் தாண்டி வேலைக்குப் போன வீடுகளுக்கு

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்து வீடுகளுக்கு வேறு கேள்விகள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. மலேசியக் குடியுரிமையோ சிங்கப்பூர்க் குடியுரிமையோ விரும்பி வாங்கிய நாளிலேயே இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடும். பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்காமல் பயன்படுத்தினால் அது குற்றம். ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை என்பது, பெயர் அப்படி இருந்தாலும், வெளிநாட்டுக் குடிமகனுக்குத் தரும் நீண்டகால விசாவைப் போன்றது. அதை வைத்து வாக்களிக்க முடியாது.

வளைகுடாவில் பிறக்கும் பிள்ளை விஷயத்தில் ஒரு தேதியைத் தவறவிடக்கூடாது. வெளிநாட்டில் பிறந்த குழந்தை வம்சாவளியால் இந்தியக் குடிமகனாக வேண்டுமானால், பிறந்த ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதி தர வேண்டும். ஓராண்டு கடந்தால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். அங்கே மருத்துவமனை கொடுக்கும் பிறப்புச் சான்று இந்தப் பதிவுக்கு ஈடாகாது. இன்னொன்று: 1992 டிசம்பர் 10க்கு முன் வெளிநாட்டில் பிறந்தவருக்குத் தந்தையின் குடியுரிமை மட்டுமே கணக்கு. தாய் வழியாகவும் வரலாம் என்று சட்டம் ஏற்றது அன்றிலிருந்துதான்.

## காகிதங்களைச் சேர்ப்பது

பிறப்பால் குடிமகனானவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. இருப்பதை நிரூபித்தால் போதும். நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் அவருடையது. 1987 ஜூன் 30 வரை பிறந்தவருக்குத் தேதியும் இடமும் உள்ள பிறப்புச் சான்று முக்கியம். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவரென்றால் அதோடு பெற்றோரில் ஒருவர் அன்று குடிமகனாக இருந்ததற்கான ஆவணம். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவரென்றால் இருவருடைய ஆவணமும். தாயகம் திரும்பியோரின் பிள்ளைகள் பெற்றோரின் பழைய பாஸ்போர்ட்டையும் மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையையும் கரையான் அரிக்காமல் வைத்திருக்க வேண்டும். நகல் எடுத்து வேறொரு வீட்டிலும் ஒன்று வைப்பது நல்லது.

அடிக்கடி தடுக்குவது பெயர். பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயரே இருக்காது, அல்லது தந்தை பெயர் ஒரு தாளில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் இருக்கும். பாஸ்போர்ட்டுக்குப் போகும் முன்பே பிறப்பு-இறப்புப் பதிவாளரிடம் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பிறப்பே பதிவாகாமல் இருந்தால் வழி வேறு. 21 நாளுக்குள் கட்டணமில்லை. ஓராண்டுக்குள் என்றால் தாமதக் கட்டணமும் அனுமதியும். ஓராண்டு கடந்துவிட்டால் நிர்வாக நடுவரின் ஆணை வேண்டும். இதற்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். முதலில் பதிவாளரிடம் தேடச் சொல்லி, அந்த ஆண்டுப் பதிவேட்டில் இல்லை என்ற சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். அதோடு பிரசவம் பார்த்த மருத்துவமனையின் குறிப்பு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், முகாமில் பிறந்தவரானால் குடும்பத்தின் முகாம் பதிவில் குழந்தை சேர்க்கப்பட்ட தேதி ஆகியவற்றை இணைக்க வேண்டும். 1987 ஜூலைக்கு முன் முகாமில் பிறந்தவர்களுக்கு அந்தக் கடைசித் தாள் பெரிய துணை. பெற்றோரை அகதி என்று எழுதிய அதே பதிவேடு, பிள்ளை எந்த நாளில் இந்திய மண்ணில் இருந்தது என்பதையும் எழுதி வைத்திருக்கிறது.